மழையில் நிலம் அளந்தவருக்கு

தாபோரோ வட்டார முதலீட்டு ஊக்க அலுவலகத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் எங்கள் மூத்த அலுவலர் திரு. அகோல்கோ அபீரோ அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உளமார வாசித்தளிக்கும் மடல்.

அயராத அண்ணலே! ஆலையில்லா ஊருக்கு ஆலை தேடி அலைந்தவரே! தலைநகர் அக்ராவுக்குப் போகும் பேருந்தின் கடைசி இருக்கையையே அலுவலக அறையாக்கிக் கொண்டவரே! வணக்கம்.

மழை நின்றதும் இளைஞர்கள் மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே கொக்கோத் தோட்டங்களுக்குப் போய்விடும் ஊர் நம்முடையது. அதைப் பொறுக்காமல் நிறுவனங்களின் வாசல்தோறும் நின்றீர்கள். ஒன்பது ஆண்டுகளாக வந்தவரெல்லாம் கினிக்கோழிக் குழம்பை உண்டு மகிழ்ந்து, சாலை சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பத்தாம் ஆண்டில் அக்ராவின் தொழிலதிபர் திருமதி ஏஃபுவா, ஷியா மரக் கொட்டையிலிருந்து வெண்ணெய் எடுக்கும் ஆலை அமைக்க இசைந்தார். ஊரே உங்களைத் தோளில் தூக்கியது.

இருநூறு ஏக்கரை நீங்களே அளந்தீர்கள். வண்டி போகும் வறண்ட ஜனவரியில் அளந்தீர்கள். கண்ணுக்கெட்டிய வரை ஆளில்லை. நில வரைபடத்திலும் அப்படியே எழுதினீர்கள். ஊர்த் தலைவரும் மரியாதைக்கு வைத்த கோலாக் கொட்டைகளை வாங்கிக்கொண்டு தலையசைத்தார்.

ஜூனில் தொடக்க விழாவுக்குப் பந்தல் போட்டு, மண்வெட்டும் வண்டியும் வந்து நின்றபோது, அங்கே முந்நூறு பெண்கள் தலையில் அகன்ற பாத்திரங்களோடு நின்றார்கள். மழை விழுந்ததும் தரிசில் உதிரும் ஷியாப் பழம் முதலில் குனிந்தவளுக்கே சொந்தம் என்பது நம் வழக்கம். ஜனவரியில் பழமில்லை, ஆகவே பெண்களும் இல்லை. அப்படிப் பொறுக்கித்தான் உங்களையும் உங்கள் தாயார் படிக்க வைத்தார். அளவு நாடாவைப் பிடித்த கை அதை மறந்துவிட்டது. ஷியா ஆலைக்காக ஷியா மரங்களை வெட்டவிருந்தோம் ஐயா! இன்று சிரிக்கலாம், அன்று எவருக்கும் சிரிப்பு வரவில்லை.

பெண்களில் மூத்தவரான அயின்போகா படத்தை வாங்கி, இருபுறமும் புரட்டிப் பார்த்தார்.

"தம்பி, இதுல கல்லு இருக்கு, ஓடை இருக்கு. எங்களைக் காணோமே?"

காவலரை அழைக்கலாம் என்று உங்கள் காதில் சொன்ன நாங்களும் இம்மடலின் கீழே கையொப்பமிட்டிருக்கிறோம். நீங்கள் எங்களைத் திரும்பியும் பாராமல் ஏஃபுவாவிடம் சென்றீர்கள்.

"தப்பு இவங்க மேல இல்லம்மா. படம் போட்டவன் நான். வண்டியைத் திருப்பச் சொல்லுங்க."

வண்டி திரும்பியது. பத்தாண்டு உழைப்பும் அதன் பின்னாலேயே போயிற்று. உங்களுக்கு வரவேண்டிய பதவி உயர்வு நின்றது. கைக்கு வந்த ஆலையைத் துரத்திவிட்டார் என்று ஊரும் பேசியது, நாங்களும் பேசினோம்.

அந்த மழைக்காலம் முழுவதும் அப்பெண்களோடு நடந்தீர்கள். ஒவ்வொரு மரத்தையும், ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையையும் படத்தில் ஏற்றினீர்கள். நனைந்து வரும் உங்களைப் பார்த்து நாங்கள் செய்த கேலியை நீங்கள் மறந்திருக்கலாம், எங்களுக்கு மறக்கவில்லை. புதிய படத்தோடு மீண்டும் அதே கடைசி இருக்கையில் அக்ரா சென்று ஏஃபுவாவின் வாசலில் நின்றீர்கள். மறு ஆண்டு, பயிர் விளையாத, ஷியா மரமும் இல்லாத கல்லாங்காட்டில், பாதி அளவில், ஆலை எழுந்தது. அயின்போகா இன்றும் அதன் வாயிலில் கொட்டைகளை எடைபோட்டுத் தருகிறார். இதோ, முன்வரிசையில் அமர்ந்து, மடல் நீளமாக இருக்கிறதென்று முகம் சுளிக்கிறார்.

ஐயா, உங்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். உங்கள் நாற்காலிக்குப் பின்னால் நீங்களே சட்டமிட்டு மாட்டிய அந்தப் பழைய படத்தை, ஆளில்லா நிலத்தின் படத்தை, வீட்டுக்கு எடுத்துச் செல்வதாகச் சொன்னீர்கள். தர மாட்டோம்.

சென்ற வாரம் தக்காளி நிறுவனமொன்று நிலம் கேட்டு வந்தது. சாலை காய்ந்திருந்தது, வண்டி தயாராக இருந்தது, நிலத்தில் ஆளில்லை. நாங்கள் அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தோம். மழை வரட்டும், பிறகு அளக்கலாம் என்று சொல்லிவிட்டோம். அவர்கள் முகம் வாடிப் போனார்கள். திரும்பி வருவார்களா என்று தெரியவில்லை. வண்டியைத் திருப்பச் சொன்ன அன்று உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

சூடான கம்பங்களியும், சுகமான உடலும், சொன்ன பேச்சுக் கேட்கும் பேரப்பிள்ளைகளும் வாய்த்து நெடுங்காலம் வாழ்க. முதல் மழை விழுந்ததும் எங்களோடு நடக்க வாருங்கள்.

உங்களோடு நனையாமல் போன,
அலுவலகத் தோழர்கள்