கேட்பாரற்ற சாமான்

அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள். இல்லை, வேண்டாம்... ஒருக்களித்தே இருக்கட்டும். சொல்லி முடித்த பிறகு சாத்துவதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இது எங்கள் ஆபீஸ் ஸ்ரீலேகாவின் பெரியம்மா மகள் பத்மஜாவுக்கு நடந்தது. மும்பை செம்பூரில் மூன்றாவது மாடி வீடு. புருஷன் சுந்தரராமன். பன்னிரண்டு வயதில் சாருலதா, ஏழு வயதில் ஷ்ரவண்.

பிப்ரவரி மாதம், ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆறு நாற்பது. வடாலா உப்பளத்தை ஒட்டிப் போகிற மண்சாலை. மும்பையில் ஆளில்லாத சாலை ஏது என்பீர்கள். உண்டு. தூரத்தில் மோனோரயில் ஒன்று காலிப் பெட்டிகளோடு ஊர்ந்து போனது. அது போன பிறகு ஒரு சத்தமும் இல்லை. உப்புச் சேற்றின் வாடை. அதற்கு மேல், எங்கோ டயர் எரிகிற வாடை.

குடும்பத்தோடு அங்கே என்ன வேலை? ஜியோகேச்சிங். முகம் தெரியாத யாரோ ஒருவர் ஊருக்குள் ஒரு சின்ன டப்பாவை ஒளித்து வைப்பார். இடத்தை இணையத்தில் போடுவார். போனில் அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டே தேடிப் போக வேண்டும். உள்ளே இருக்கிற நோட்டில் பெயர் எழுதிவிட்டு, இருந்தபடியே வைத்துவிட வேண்டும். பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார்களே என்று சுந்தரராமன்தான் ஆரம்பித்தார். அன்று தேடிப் போனது முப்பத்திரண்டாவது டப்பா.

இடிந்த பம்ப் அறை ஒன்று இருந்தது. அதன் சுவரடியில் ஷ்ரவண் குனிந்தான்.

"அம்மா, கிடைச்சுடுத்து."

கறுப்பு பாலிதீன் சுற்றிய எவர்சில்வர் டப்பா.

"அது இல்லேடா மண்டு. இன்னும் ஒம்பது மீட்டர் காட்றது," என்றாள் சாரு.

பத்மஜா அதைக் கையில் வாங்கினாள். அப்போதுதான் பின்னால் கேட்டது. டொக்... டொக்... காய்ந்த தரையில் தடி ஊன்றுகிற சத்தம்.

காக்கிச் சட்டை போட்ட கிழவன். கழுத்தில் கயிற்றில் விசில். வெறுங்கால், முழங்கால் வரைக்கும் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. தடியால் டப்பாவைக் காட்டினான்.

"யே கிஸ்கா ஹை?"

இது யாருடையது? அவ்வளவுதான் கேட்டான். இந்த ஊரில் அது சாதாரணக் கேள்வி இல்லை. கேட்பாரற்ற சாமானைத் தொடாதே, குண்டு இருக்கலாம் என்று ரயிலில் தினமும் கேட்டுக் கேட்டு வளர்ந்த ஊர். யாருடையதென்று தெரியாது என்றால் போலீஸ், விசாரணை, ராத்திரி பூராவும் ஸ்டேஷன் பெஞ்சு. மும்பைக்காரன் யாரும் சொல்கிற பதிலைத்தான் சுந்தரராமனும் சொன்னார்.

"ஹமாராஹி ஹை, பாபா." எங்களுடையதுதான்.

"பக்கா?"

"பக்கா."

கிழவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். பத்மஜா மூடியைத் திறந்தாள். நோட்டு இல்லை, பேனா இல்லை. ஒரே ஒரு செருப்பு. ரோஜா நிறம், சின்னப் பெண்குழந்தை போடுகிற அளவு. ஈரமாக இருந்தது. மாதக்கணக்காக அங்கே ஒரு துளி மழை இல்லை.

டப்பாவை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

மறுநாள் மாலை ஆறு நாற்பது. செம்பூர் வீட்டு வாசலில், டொக். பத்மஜா திறந்தாள். ஆள் இல்லை. வாசற்படியில் அந்த எவர்சில்வர் டப்பா, சேற்றோடு.

"யாருக்காவது அட்ரஸ் குடுத்தேளா?"

"பேரே சொல்லலையே பத்மா."

சுந்தரராமன் அதைக் கீழே குப்பையில் போட்டுவிட்டு வந்தார். செவ்வாய்க்கிழமை அதே நேரத்துக்கு மறுபடி டொக். டப்பா திரும்பி வந்திருந்தது. கூடவே ஒரு பள்ளிக்கூடப் பை. பிழிந்தால் ஒரு வாளி உப்புத் தண்ணீர் வரும் போலிருந்தது. எதிர்வீட்டு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, குடியிருப்புச் சொசைட்டியில் புகார் எழுதிக் கொடுக்கப்போவதாகச் சத்தம் போட்டாள்.

புதன்கிழமை பத்மஜா கதவுக்குப் பின்னால் முன்கூட்டியே போய் நின்றுகொண்டாள். டொக் என்றதும் திறந்துவிட்டாள். கிழவன் நின்றிருந்தான். மாடிப்படி விளக்கு எரியவில்லை. அவனுக்குப் பின்னால், இருட்டில், இன்னும் ஏதோ இருந்தது. சின்னதாக ஒரு விசும்பல் போல... குழாய் சொட்டுகிறதோ என்று நினைத்தாள். எட்டிப் பார்க்கவில்லை. பயம்.

"யே ஆப்கா ஹை?" இது உங்களுடையதா?

"ஹமாரா நஹீ." எங்களுடையது இல்லை.

"பக்கா?"

"பக்கா."

கிழவன் திரும்பி இறங்கினான். டொக், டொக். அதோடு கூடவே, ஈரக்காலால் படி இறங்குகிற சத்தம். சின்னச் சின்ன அடியாக.

வியாழக்கிழமை எதுவும் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை. பத்மஜாவுக்கு அப்பாடா என்றிருந்தது. எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னாள். யார் எதைக் காட்டிக் கேட்டாலும் ஒரே பதில்தான். நம்மளோடது இல்லை.

பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது.

"டேய், இந்தக் கத்திரிக்காய் யாரோடது?" என்பாள் சாரு.

"நம்மளோடது இல்லே," என்று தட்டில் ஓரமாகத் தள்ளுவான் ஷ்ரவண்.

"இந்தக் கணக்கு நோட்டு?"

"நம்மளோடது இல்லவே இல்லே."

பத்மஜாவும் சிரித்தாள். அவளே கூடக் கேட்டுப் பழக்கினாள். நாக்கு தானாகச் சொல்லும்வரை.

ஒரு மாதம் போனது. மறுபடி டப்பா தேடக் கிளம்பினார்கள். மாட்டுங்காவில் ஒரு தோட்டம். நல்ல கூட்டம். ஐஸ்கிரீம் வண்டி, பந்து விளையாடுகிற பிள்ளைகள், நடைப்பயிற்சிக்கு வந்த மாமாக்கள். பயப்பட அங்கே என்ன இருக்கிறது? சுந்தரராமனும் சாருவும் பெஞ்சுப் பக்கம் தேடப் போனார்கள். பத்மஜா மண்டியிட்டு ஒரு மரப்பொந்துக்குள் கையை விட்டாள். நீலச் செருப்பு போட்ட ஷ்ரவண் பின்னால் நின்று அவள் துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சின்ன இழுப்பு அவள் கழுத்தில் தெரிந்துகொண்டே இருந்தது.

விரலில் டப்பா தட்டுப்பட்டது. அதே சமயம் மூக்கில் ஏறியது, உப்புச் சேற்று வாடை.

டொக்.

"யே கிஸ்கா ஹை?"

அவள் திரும்பவில்லை. கை இன்னும் பொந்துக்குள் இருந்தது. நாக்கு தானாகச் சொன்னது.

"ஹமாரா நஹீ."

"பக்கா?"

"பக்கா."

கழுத்தில் இருந்த இழுப்பு விட்டுப்போனது.

திரும்பினாள். துப்பட்டாவின் நுனி தரையில் கிடந்தது. நனைந்திருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

தோட்டத்து வாசலில் இருந்த கேமராவில் பிள்ளை தெரிந்தான். தனியாகத்தான் வெளியே போகிறான். ஆனால் வலது கை மட்டும் மேலே தூக்கியிருந்தது, உயரமான யாரோ பிடித்திருப்பது போல. ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். அழவில்லை. அம்மா சொன்ன பதில் அவனுக்கும் கேட்டிருக்கும் அல்லவா?

தேடினார்கள். உப்பளம் முழுவதும் இறங்கித் தேடினார்கள். மழைக்காலம் வந்தது, நிறுத்திவிட்டார்கள்.

பத்மஜா இப்போதும் மாலை ஆறு நாற்பதுக்கு வாசற்கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்கிறாள். ஒரே ஒரு தரம் அந்தத் தடிச் சத்தம் கேட்டால் போதும். எங்களுடையது, எங்களுடையது என்று சொல்லிவிடுவாள். எதிர்வீட்டு அம்மாள்கூட இப்போது ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அந்த வாசலுக்கு அவன் வருவதே இல்லை.

போன வாரம் சாரு அந்த ஜியோகேச்சிங் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறாள். உப்பளத்து டப்பாவுக்கான பதிவின் கீழே, விக்ரோலியிலிருந்து ஒரு குடும்பம் எழுதியிருந்தது. சாரு அதை அம்மாவுக்குக் காட்டவில்லை. ஸ்ரீலேகாவுக்குத்தான் அனுப்பினாள். நான் படித்தேன்.

"டப்பா கிடைத்தது, நன்றி. ஆனால் பக்கத்தில் கிடக்கும் எவர்சில்வர் டப்பாவை யாரும் தொட வேண்டாம். உள்ளே ஒரு பையனின் நீலச் செருப்பு மட்டும்தான் இருக்கிறது. எங்களுடையது என்று தெரியாமல் சொல்லிவிட்டோம். ஒரு வாட்ச்மேன் தினமும் வீட்டுக்கே கொண்டுவந்து தொந்தரவு கொடுத்தார். மூன்றாம் நாள் ஒரு சின்னப் பையனையே கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிட்டார். நனைந்திருந்தான், எங்கள் வீட்டுக்குள் எட்டி எட்டிப் பார்த்தான். நல்லவேளை, என் மனைவி சுதாரித்துக்கொண்டாள். எங்களுடையது இல்லை என்று இரண்டு தரம் சொன்னாள். போய்விட்டார்கள். இப்போது ஒரு தொல்லையும் இல்லை."