பேட்டரிக்கு வைத்த பொட்டு

அருள்புரத்தில் பஸ் ஏறிய பெண், உட்காருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னார்: "ஆயுத பூஜைக்குக் குளிப்பாட்டுனதுல இருந்து எங்க காரு மூச்சே உடறதில்லீங்ண்ணா."

நான் கைப்பேசியை மடியில் கவிழ்த்துவிட்டேன். இருவருக்கும் ஒரே பனியன் கம்பெனி போலிருந்தது.

"பேட்டரியக் கழட்டுனீங்களா, அம்மிணி?"

"கழட்டித்தானுங்க தொடச்சேன். லைட்டு எரியுது, ஹாரன் அடிக்குது. சாவியத் திருப்புனா டக்குனு ஒரு சத்தம், அதோட சரி. மெக்கானிக்கு திங்கக்கெழமதான் வருவாராமாங்க. நாளைக்குக் காத்தால மாமனாரக் கண்ணு ஆபரேசனுக்குக் கூட்டிட்டுப் போகோணும்."

"ஒயர நல்லா இறுக்குனீங்களா?"

"இறுக்காம இருப்பனுங்களா? ரெண்டு முனைக்கும் சந்தனம், குங்குமம் வெச்சு, அதுக்கப்புறந்தான் மாட்டுனேன்."

அவர் திரும்பி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். "முனையிலயேவா?"

"கம்பெனியில எல்லா மிஷினுக்கும் வெக்கறோமல்லங்க."

"சந்தனம் காஞ்சு நடுவுல நிக்குதுங்க அம்மிணி. கரண்டு எப்படிப் பாயும்? கழட்டிச் சுரண்டிருங்க. மைனஸ் ஒயர மொதல்ல கழட்டோணும்."

அந்தப் பெண் அப்போதே எழுந்துவிட்டார். "எனக்கு அரை நாள் லீவுன்னு சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிருங்ண்ணா."

"அதுசரி, பூஜைக்கு வெச்ச பொட்டு..." என்று சுரண்டச் சொன்னவரே இழுத்தார்.

படிக்கட்டிலிருந்து பதில் வந்தது. "பேட்டரி மூடி மேல புதுசா வெக்கறேனுங்க. சாமியும் நாளைக்கு எங்ககூட ஆஸ்பத்திரிக்கு வரோணுமல்லங்க?"