இடது பக்கம் குதித்தவர்கள்

“செக்கிங்! குதி, குதி!”

முன்பெட்டியிலிருந்து குரல் வருகிறது. வண்டி நின்றுவிட்டது. கும்மிடிப்பூண்டி நடைமேடை இன்னும் சற்றுத் தொலைவில் இருக்கிறது. பெட்டிக்குள் விளக்கில்லை. பெண்கள் இடது கதவை நோக்கி நெருக்குகிறார்கள். இடுப்பிலும் வயிற்றிலும் துணி சுற்றிக் கட்டிய அரிசி. என் தோளிலும் ஒரு பை.

1965 செப்டம்பர். போர் தொடங்கி இரண்டாவது வாரம். சனிக்கிழமை. விளக்கு வைக்கும் நேரம். வைக்கக் கூடாது என்று உத்தரவு. சென்னைத் துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் எங்களுக்கும் இருட்டடிப்பு. நிலைய விளக்குகளுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். இன்ஜின்களின் முகப்பு விளக்கிலும் பாதிக்குக் கறுப்புச் சாயம்.

போரை நாங்கள் வானொலியில் கேட்டோம். வீட்டுக்குள் வந்தது அரிசிப் பஞ்சம். ரேஷன் கடையில் மூன்று வாரமாக அரிசி இல்லை. மாநில எல்லைக்கு அப்பால் தடாவில் இருந்தது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் எல்லாம் ஒரே மாகாணம். இப்போது அந்த மாநிலத்து அரிசி இந்த மாநிலத்துக்கு வரக் கூடாது. இரண்டிலும் ஒரே கட்சியின் ஆட்சி. நாட்டின் ஒற்றுமையைப் பற்றி நாள்தோறும் பேசினார்கள். அரிசியைப் பற்றி யாரும் பேசவில்லை.

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியர். அடுத்த வீட்டு ராஜம்மா நடவுக் கூலி. அவளுடைய மகள் டைபாய்டில் கிடந்து அப்போதுதான் எழுந்திருந்தாள். அரிசிக் கஞ்சி மட்டும் கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ரேஷனில் போட்ட மைலோ சோளம் அந்த வயிற்றில் தங்கவில்லை. அதற்காகத்தான் ராஜம்மா அரிசி வாங்க என்னோடு தடாவுக்கு வந்தாள்.

திரும்பும்போது வண்டியில் சிரிப்பாக இருந்தது. அவள் வயிற்றைப் பார்த்து ஒருத்தி எத்தனை மாதம் என்று கேட்டாள். “நாலு படி மாசம்” என்றாள் ராஜம்மா. தேசத்துக்காக ஒரு வேளைச் சாப்பாட்டை விடச் சொல்கிறார்கள் என்று நான் செய்தித்தாளில் படித்ததைச் சொன்னேன்.

“நாம ரெண்டு வேள உட்டுக்கினு கீறோமே வாத்தியாரே. நமக்கு இன்னா மெடலு குடுப்பாங்க?”

சோதனை அதிகாரிகள் எப்போதும் வலது பக்கம், நடைமேடையில் நிற்பார்கள். அதனால் அரிசி கொண்டுவருகிறவர்கள் அதற்கு முன்பே இடது பக்கம் குதிப்பது வழக்கம். அங்கே மணல். பிறகு முட்புதர். டிரைவருக்கும் தெரியும். அந்த இடத்தில் வேகத்தைக் குறைப்பார். எல்லோருக்கும் கால் பழகியிருந்தது. கண் வேண்டியிருக்கவில்லை.

அன்று எங்கள் வண்டியை வலது பக்கத்து ஒதுக்குப் பாதையில் நிறுத்தியிருந்தார்கள். எதிரே வரும் ராணுவச் சரக்கு வண்டிக்கு வழிவிட. பிறகுதான் சொன்னார்கள். இருட்டில் யாரும் கவனிக்கவில்லை. இடது பக்கத்தில் இப்போது மணல் இல்லை. மெயின் லைன்.

ராஜம்மா எனக்கு முன்னால் நிற்கிறாள். “பையக் கெட்டியா புடிச்சிக்கினு வா வாத்தியாரே” என்கிறாள். குதிக்கிறாள். மணலில் விழும் மெத்தென்ற சத்தம் இல்லை. கருங்கல் ஜல்லி சரசரவென்று சரிகிறது. தண்டவாளம் அதிர்கிறது. ஒரு நீண்ட ஊதல்.

“லைனு! லைனு! அந்தாண்ட போ!”

மற்றவர்கள் தாண்டிவிட்டார்கள். அவள் இடுப்பு முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அரிசி கொட்டுகிறது. இரண்டு கையாலும் துணியைச் சேர்த்துப் பிடிக்கக் குனிகிறாள். நான் கத்துகிறேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன.

நீலக் காகிதம் ஒட்டிய டார்ச்சுடன் போலீஸார் வந்தார்கள். கொட்டிய அரிசியைத் துடைப்பத்தால் கூட்டினார்கள். என் பையையும் வாங்கிக்கொண்டார்கள். அதிலிருந்து ஒரு படி கேட்டேன். குழந்தையைப் பற்றிச் சொன்னேன். அந்தக் கான்ஸ்டபிள் கெட்டவர் இல்லை. என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

“கேஸ்ல எழுதிட்டாங்க சார். நான் இன்னா பண்ணட்டும்?”

காலையில் சிறுமி கஞ்சி கேட்டாள். மைலோ மாவைக் கரைத்துக் கொடுத்தோம்.

அந்த மாதமே போர் நின்றது. யார் எத்தனை விமானங்களையும் டாங்கிகளையும் இழந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. எல்லாவற்றையும் படித்தேன். எங்கள் ஊர்க் கணக்கு எதிலும் இல்லை. நான் எழுதுகிறேன்.

ராஜம்மா. வயது முப்பதுக்குள். தடா புழுங்கலரிசி நான்கு படி. பாதி ஜல்லிக்குள் போயிற்று. மீதியைச் சாக்கில் கட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். அவள் மகளுக்கு ஒரு பிடிகூட வரவில்லை.