தராசுக்காரன் வேசம்

இல்லைங்கய்யா, உங்களத் திட்ட வரல. ஜீப்பு வர இன்னும் நேரங்கெடக்கு, செத்த கேளுங்க. போன வாரம் எங்க ஏலக்காத் தோட்டத்துல நாடகம் போட்ட வாத்தியாரு நீங்கதான? நான் சுருளியம்மா. அங்கன காய் எடை போடுற பெரியமுத்து பொண்டாட்டி.

ஆமா, நல்ல நாடகந்தேன். யாரு இல்லைன்னா? நானும் முன்னாடி உக்காந்து வாயப் பொளந்து பாத்தேன். உங்க தராசுக்காரன் எடைக்கல்லு வைக்கிற தட்டு மேல கட்டைவிரல வச்சு அமுக்குறான், பொம்பளைக எடுத்த காயெல்லாம் எடை கொறையுது. பூராப் பேரும் எந்திரிச்சு நின்டுல்ல ஏசுனாக!

மறுநாளு ஒருத்தியும் எடைக்குக் கூடைய எறக்கல. சமரமின்னு வேலைய நிறுத்திட்டு உக்காந்துட்டாளுக. முதலாளி நெழலக் கண்டாலே ஒதுங்குற பொம்பளைகய்யா! அவரே எறங்கி வந்து புதுத் தராசு வச்சாரு. அது உங்க நாடகம் செஞ்சதுதேன், ஒத்துக்கிடுறேன்.

ஆனா எங்க வீட்டுக்காரரு? காதுல பென்சிலு, தோள்ல வெள்ளைத் துண்டு, அச்சு அசலு அவுகளயே மேடையில ஏத்திட்டீகளே. என்னது, எல்லாத் தோட்டத்துலயும் தராசுக்காரன் அப்படித்தேன் இருப்பானா? அத நாங்க குடியிருக்கிற லயத்துல வந்து சொல்லுங்க. கடையில டீயக் கையில குடுக்காம பலகையில வைக்கிறாக. சின்னப்பிள்ளைக கட்டைவிரலக் காமிச்சுச் சிரிக்குதுக. மனுசன் சோறு எறங்காம மொடங்கிட்டாரு.

ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த விரல் சங்கதி, நீங்களா நெனச்சு எழுதுனதா? இல்ல, அவுக அமுக்குறதப் பாத்த யாராச்சும் வந்து சொன்னாகளா? என்னது, கேட்டதும் நெனச்சதும் கலந்துதேன் வருமா? ஐயோ சாமி, அப்படிச் சொல்லாதீக! வெறுங்கதைன்னு சொல்லுங்க. எங்கிட்ட வேணாம், அவுககிட்டச் சொல்லுங்க. அந்தா, கல்லுமேல குத்தவச்சிருக்காரு பாருங்க. ஆசுபத்திரிக்குத்தேன் கூட்டிட்டுப் போறேன்.

கையில சுத்தியிருக்கதா? அதே வெள்ளைத் துண்டுதேன், செவந்து போச்சு. ஊரு பேசுனதையெல்லாம் தாங்கிக்கிட்டாரு. காலையில கஞ்சி ஊத்துறப்ப, நெசமாவே அமுக்குனீகளான்னு நான் ஒரு வார்த்தை கேட்டுட்டேன். கஞ்சியத் தள்ளி வச்சிட்டு எந்திரிச்சாரு. அருவாள எடுத்தாரு, கட்டைவிரல அம்மி மேல வச்சாரு.