உள்ளே தகடு வைத்த சட்டை

"சட்டைதாம்மா. இரும்புச் சட்டை, ஒம்பது கிலோ."

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற பஸ்ஸில், லப்பைக்குடிக்காட்டு டெய்லர் ஒருவர் காலடி மூட்டையைக் காட்டிச் சொன்னார். கேட்டது எதிர் சீட்டு அம்மா. மடியில் சொத்துப் பத்திரக் கவர் வைத்திருந்தார்.

"யாருக்குங்க பாய்?"

"காலேஜ் நாடகத்துக்கு. அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் சண்டைக்குப் போட்டதாம். தகட்டை வெல்வெட்டு மேல வச்சு ரிவிட் அடிச்சுக் கொடுத்தேன். தப்புன்னு திருப்பிட்டாங்க."

"ஏங்க? செட்டிகுளத்து முருகனுக்குக் கவசம் வெளியதானே சாத்துறாங்க?"

"நானும் அப்படித்தாம்மா நெனச்சேன். இதுல தகடு உள்ள இருக்கணுமாம், துணி வெளிய. எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி அடிச்சேன். சாயங்காலம் நாடகம்."

மூட்டையை அவிழ்த்தார். சிவப்பு வெல்வெட்டில் வரிசையாக ரிவிட் தலைகள் மட்டும் தெரிந்தன. அந்த அம்மா விரலால் தட்டிப் பார்த்தார்.

"அப்ப பாக்கறவங்களுக்கு வெறும் சட்டைதானா?"

"ஆமாம்மா. குத்துறவனுக்குத்தான் தெரியும்."

அரியலூரில் இறங்கும்போது அந்த அம்மா கவரை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினார்.

"எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடுங்க பாய். அண்ணன் வூட்டுக்குப் பாகம் கேக்கப் போறேன்."