தொப்பி வரும் நேரம்

—இப்படித் தள்ளி உக்காருங்க, தோன் அனிபால். அங்க தூண் மறைக்கும். சின்னக் கம்பெனி ஓபராவுல தூணுக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டா யாரு செத்தாங்க, யாரு தூங்குறாங்கன்னே தெரியாது.

—எனக்குக் கதை எதுக்குங்க, தோனா எர்மெலிந்தா. பாடுற பொம்பளைங்க முகம் தெரிஞ்சாப் போதும்.

—முகத்துக்காகத்தான் சொல்றேன். இந்தாங்க, விசிறிக்கோங்க. பீட்சாப் பெட்டி மூடிதான், ஆனா காத்து வரும். மேல சுத்துற ஃபேனை இப்ப நிறுத்திடுவாங்க. நிறுத்தலைன்னா அதுவும் சேந்து பாடும்.

—டெல்ஃபினாவுக்கு மூச்சுக்கு ஒரு மிஷின் மாட்டியிருக்காங்கல்ல, அதுவும் இப்படித்தான் கறகறங்குது. எண்ணெய் விடட்டுமான்னு நர்ஸ் பொண்ணுகிட்டக் கேட்டேன். அது சிரிக்கல.

—நானா இருந்தா சிரிச்சிருப்பேன். காலையில டாக்டர் வந்தாரா?

—வந்தார். "வர வேண்டிய சொந்தக்காரங்களை வரச் சொல்லிடுங்க"ன்னார். அவ்வளவுதான். என்கிட்ட ரிப்பேருக்கு வர்ற அறுப்பு மிஷின் இஞ்சின் போயிடுச்சுன்னா நானும் வயக்காரன்கிட்ட இப்படித்தான் சொல்வேன், அவன் மூஞ்சியைப் பாக்காம.

—வர வேண்டிய சொந்தம் ஒண்ணுதானே.

—ஒண்ணுதான். ஒரே பொண்ணு. அதனாலதானே ஆஸ்பத்திரியில பொண்டாட்டியை விட்டுட்டு இத்தாலிக்காரங்க சங்கத்துக் கூடத்துல வேர்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.

—டெல்ஃபினா சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க. ஏதாவது விட்டிருப்போம்.

—குழாய் வைக்கிறதுக்கு முன்னாடி என் கையைப் பிடிச்சுச் சொன்னா. "நம்ம பிள்ளை இந்த ஊர்லதான் பாடுது. பெரிய தியேட்டர்ல இல்ல. தொப்பியில காசு வாங்குற இடத்துல. போய்க் கூட்டிட்டு வாங்க, ஒரு தடவை பாக்கணும்"னு. எனக்கு அப்பத்தான் தெரியும், ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அது அவகூட ஃபோன்ல பேசுதுன்னு. நான் ஃபுட்பால் பாக்கப் போற நேரமாப் பாத்து. நம்பர்கூட விழாது.

—இப்ப ஃபோன் உங்ககிட்டதானே இருக்கு?

—என்கிட்டதான். போன ஞாயிறும் அடிச்சுது. எடுத்து "ஹலோ"ன்னேன். வெச்சிடுச்சு.

—உங்க ஹலோ அப்படி. எனக்கே முதல்நாள் ஆஸ்பத்திரி வராந்தாவுல திட்டுறீங்களோன்னுதான் தோணுச்சு.

—நீங்க காப்பி மிஷின்கிட்ட நின்னு பாடிக்கிட்டு இருந்தீங்க. பாட்டு தெரிஞ்ச ஆளுன்னு கேட்டேன்.

—தெரிஞ்ச ஆளுதான். பெரிய தியேட்டர் வாசப்படியை மிதிச்சுப் பல வருஷம் ஆச்சு, ஆனா ஒரு வாரம்கூட ஓபரா கேக்காம இருந்ததில்ல. எங்க சும்மா விடுவாங்க, எங்க தொப்பி சுத்துவாங்கன்னு எனக்கு அத்துப்படி. ஆனா கேட்டுக்கோங்க, அனிபால். சங்கீதக் கல்லூரிப் பிள்ளைங்க கச்சேரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஃப்ளோரஸ் சர்ச் மண்டபம், ரயில்வேக்காரங்க நூலகம், எல்லாம் பாத்தாச்சு. இன்னியோட சரி. நாளைக்கு டிசம்பர்க் கோடை லீவு ஆரம்பம், எல்லாரும் கடலுக்குக் குளிக்கப் போயிடுவாங்க. இனி மார்ச்சு மாசம்தான் பாட்டு.

—மார்ச்சு வரைக்கும் டெல்ஃபினா இருக்க மாட்டா.

—தெரியும்யா. அதனாலதான் தூணுக்கு இந்தப் பக்கம் உக்காரச் சொன்னேன்.

—எத்தனை பொம்பளைங்க பாடுறாங்க இன்னிக்கு?

—நாலு பேர். அதுல மூணு பேரை ஏற்கெனவே நீங்க உங்க பொண்ணோட பழைய படத்தைக் காட்டி மிரட்டியாச்சு. சின்னக் கம்பெனி இந்த ஊர்ல இருபது இருக்கும், பாடுறது அதே பத்துப் பேர்தான். இங்க ராணி, அங்க வேலைக்காரி.

—நாலாவது?

—அது புதுசு. பையன் வேஷம். கால்சட்டை மாட்டிக்கிட்டு வரும்.

—இது ஒண்ணுதான் எனக்குப் பிடிபடல. பொண்ணு மீசை ஒட்டிக்கிட்டு நான் ஆம்பளைன்னு பாடுது. எல்லாரும் நம்புறாங்க.

—அது காலங்காலமா இருக்கு. நம்புறதுக்குத்தானே வந்து உக்காந்திருக்கோம்.

—மேடையில சரிங்க. அதையே சாப்பாட்டு மேசையில வந்து சொன்னா?

—யாரு சொன்னா?

—ஒண்ணுமில்ல. பியானோக்காரி வந்துட்டா, பாருங்க.

—...இதான் அந்த நாலாவது. நல்லாப் பாருங்க. தொப்பிக்குள்ள முடியைச் சுருட்டி வெச்சிருக்கா.

—இது இல்ல.

—மாவு பூசியிருக்காங்கல்ல, கொஞ்சம் பொறுத்துப் பாத்துச் சொல்லுங்க.

—இல்லைங்க. என் பொண்ணுக்கு முகம் நீளம். எவ்வளவு மாவு பூசினாலும் பெத்தவனுக்குத் தெரியாதா?

—சரி. போச்சு.

—போச்சு. அப்ப நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறேன்.

—இப்ப எந்திரிச்சா அத்தனை பேர் காலையும் மிதிச்சுக்கிட்டுப் போகணும். இடைவேளை வரட்டும். கையைக் கொண்டாங்க.

—அந்த ராணி குரல் மேல ஏறுறப்ப தேஞ்ச இஞ்சின் பெல்ட் மாதிரி வழுக்குதுங்க.

—மெதுவாப் பேசுங்க. அவ அம்மா முன்வரிசையில இருக்கா.

—ஏம்மா, பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கொஞ்சம் பாட்டு கேக்கட்டும்!

—கேளுங்க, கேளுங்க. காசா குடுத்தீங்க?

—தொப்பியில போடுவேன்!

—போட்டுட்டு அப்புறம் அதட்டுங்க. அனிபால், இதோ நம்ம தாடிக்காரன். சர்ச் மண்டபத்துல பாதிரியா வந்தானே, அவன். கட்டைக்குரல் ஆளு கிடைக்கிறது குதிரைக்கொம்பு, அதான் எங்க போனாலும் இவனே. இன்னிக்கு அப்பன். பொண்ணை வீட்டை விட்டுத் துரத்துற அப்பன்.

—குரல் நல்லா இருக்கு. டீசல் இஞ்சின் சூடானப்புறம் இப்படித்தான் ஒரே சீரா ஓடும்.

—எப்படிச் சபிக்கிறான் பாருங்க. இந்த வயசுல அப்பன் கோவம் எங்க கத்துக்கிட்டானோ. ஐயோ! பாத்தீங்களா? ரொட்டியைக் கவுத்து வெச்சான்! மேசையில ரொட்டி தலைகீழா இருந்தா வீட்டுக்கு ஆகாதும்பாங்க. எந்த வாத்தியார் இதைச் செய்யச் சொல்வான்? அனிபால்? ஏன் எந்திரிக்கிறீங்க?

—அந்த ரொட்டி.

—உக்காருங்க!

—பெரியவரே, மறைக்குது, உக்காருங்க!

—ரெண்டு கையால. மெதுவா. பாத்தீங்களா, ரெண்டு கையால...

—உக்காருங்க முதல்ல. இதோ, திரை மூடுறாங்க. தண்ணி குடிங்க. வெளுத்துப் போயிட்டீங்க. மயக்கமா?

—அது நான் செஞ்சது.

—எது?

—ரொட்டியைக் கவுத்தது. எட்டு வருஷம் இருக்கும். சாப்பிட உக்காந்தோம். என் பொண்ணு லுக்ரேசியா ஒண்ணு சொன்னா. ரொட்டியை எடுத்து அவ தட்டுக்கு முன்னாடி கவுத்து வெச்சேன். இதே மாதிரி, ரெண்டு கையால. எந்திரிச்சுப் போனவதான். மேசையில இருந்தது மூணே பேருங்க. டெல்ஃபினா செத்தாலும் வெளிய சொல்ல மாட்டா.

—அப்படின்னா இந்தத் தாடிக்காரனுக்கு...

—லுக்ரேசியா சொல்லித்தான் தெரியும்! வேற வழியே இல்ல. இதெல்லாம் பக்கத்துல படுத்திருக்கிற ஆள்கிட்டத்தான் சொல்லத் தோணும். அவன்தான் அவ புருஷன். நான் ஒரு மடையன், பொம்பளைங்ககிட்டயே படத்தைக் காட்டிக்கிட்டு அலைஞ்சேன். மருமகன் மூக்குக்கு முன்னாடி நின்னு பாடிக்கிட்டு இருந்திருக்கான்!

—படத்தைக் குடுங்க.

—நீங்க பாத்ததுதானே. பதினஞ்சாம் பிறந்தநாள். வெள்ளைக் கவுன், சடை.

—குடுங்கங்கிறேன்.

—என்னங்க, கட்டைவிரலை வெச்சு மறைக்கிறீங்க?

—சடையை மறைச்சுப் பாக்கிறேன்.

—எதுக்கு?

—...அன்னிக்குச் சாப்பாட்டு மேசையில என்ன சொன்னா, அனிபால்?

—பைத்தியக்காரப் பேச்சு. என் வாயால வராது. அதை விடுங்க. நான் உள்ள போய் அவனைப் பிடிக்கிறேன்.

—உள்ளங்கிறது சங்கத்துக் கழிப்பறை. அங்கதான் எல்லாரும் துணி மாத்துறாங்க, வாசல்ல ஒரு அம்மா உலக்கை மாதிரி நிக்குறா. பொறுங்க. கடைசியில அவனே தொப்பியோட வருவான். எப்பவும் அவன்தானே கொண்டு வர்றான்.

—அவனா கொண்டு வந்தான்? எல்லா இடத்துலயும்?

—மூணு இடத்துலயும். நீங்க பாக்கலையா?

—நாலு சில்லறை போடுறவன் மூஞ்சியை நிமித்துவானாங்க? தொப்பியைப் பாப்பேன், போடுவேன், "நல்லா இரு மகனே"ம்பேன். மூணாவது தடவை தொப்பியைக் கையால மூடிக்கிட்டுத் தள்ளிப் போயிட்டான். என் காசு அவ்வளவு கேவலமான்னு அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல. அப்பவும் "நல்லா இரு மகனே"ன்னுதான் சொன்னேன்.

—சொன்னீங்க. நான் பக்கத்துலதானே இருந்தேன். கேட்டுக்கோங்க. இன்னிக்கு முகத்தைப் பாத்துப் பேசுங்க.

—ஏன், முகத்துல என்ன இருக்கு?

—பாருங்கன்னா பாருங்க. திரை தூக்கிட்டாங்க.

—...தோனா எர்மெலிந்தா. சட்டைப்பையில ஃபோன் நடுங்குது.

—எடுக்காதீங்க. இல்ல, எடுங்க. கதவுப் பக்கம் போங்க. யாரு?

—ஆஸ்பத்திரி. இப்பவே வாங்கன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல.

—அட ஆண்டவா. வாங்க, கிளம்பலாம். நான் வண்டி பிடிக்கிறேன்.

—வர மாட்டேன்.

—அனிபால்!

—வெறுங்கையோட போய் அந்தக் கட்டில்கிட்ட நிக்கச் சொல்றீங்களா? ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்கிட்ட அவ வாய் திறந்து கேட்டது அது ஒண்ணுதாங்க. இன்னும் எவ்வளவு நேரம் பாடுவாங்க?

—பொண்ணு சாகணும். சாகிறதுக்கு முன்னாடி நீளமாப் பாடுவா. அப்புறம் அப்பன் வந்து அழுவான்.

—சீக்கிரம் சாகச் சொல்லுங்க.

—உஷ்ஷ்!

—இதோ வந்துட்டான் அப்பன். முட்டி போட்டுட்டான். முடிஞ்சுது, அவ்வளவுதான். ஏன் அழுறீங்க?

—இந்த அப்பன்காரன் லேட்டா வந்துட்டாங்க.

—எல்லா ஓபராவுலயும் லேட்டாத்தான் வருவான். எந்திரிங்க, கை தட்டிக்கிட்டே கதவுகிட்டப் போயிடலாம். தொப்பி வருது.

—கூட்டத்துல என்னை விட்டுடாதீங்க.

—நான் பிடிச்சிருக்கேன். தரையைப் பாக்காதீங்க. தம்பி! இங்க, இந்தப் பக்கம்!

—உங்ககிட்டக் காசு வேண்டாங்க. அவர்கிட்டயும் வேண்டாம்.

—இரு, மகனே. போகாத. ஒண்ணே ஒண்ணு. அந்த ரொட்டியைக் கவுக்க யாரு சொல்லிக் குடுத்தாங்க உனக்கு?

—ஒரு வீட்டுல பாத்தேன்.

—பாத்திருக்க முடியாது. கேட்டிருப்ப. அந்த வீட்டுக்காரன் நான்தான். நீ அவளைக் கட்டிக்கிட்டவனா இரு, சேந்து இருக்கிறவனா இரு, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இந்தப் படத்துல இருக்கிறவ எங்க இருக்கா, அதை மட்டும் சொல்லிடு.

—இந்தப் படத்தைத்தானே ஒவ்வொரு கூடத்துலயும் காட்டிக்கிட்டுத் திரியுறீங்க. என்கூடப் பாடுற பொண்ணுங்க வந்து சொன்னாங்க. அவ இல்லைங்க. இனிமேலும் கிடைக்க மாட்டா.

—கிடைக்க மாட்டான்னா? செத்துட்டாளா?

—அனிபால், தொப்பியை விடுங்க மனுஷா, நிமிந்து பாருங்க!

—எனக்குப் பாக்க நேரமில்ல! அவ அம்மா சாகக் கிடக்கா, இப்பத்தான் ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிட்டாங்க. என்னை அவ மன்னிக்க வேண்டாம். வந்து அவ அம்மா கண்ணுல படட்டும், அது போதும்.

—அம்மாவா? அதனாலயா ஞாயித்துக்கிழமை ஃபோனை நீங்க எடுத்தீங்க? எந்த ஆஸ்பத்திரி? அம்மாவுக்கு நினைவு இருக்கா? காது கேக்குதா?

—காது... காது கேக்கும்னாங்க. நீ எதுக்கு என் பொண்டாட்டியை அம்மாங்கிற?

—நான் போய் வண்டியை நிறுத்தி வைக்கிறேன். ரெண்டு பேரும் சீக்கிரம் வந்து சேருங்க, ஆண்டவன் புண்ணியத்துல.

—இரு. இப்படி வெளிச்சத்துக்கு வா. இந்தப் புருவத்து வெட்டு... சின்ன வயசுல அறுப்பு மிஷின் ஏணியிலேர்ந்து விழுந்தப்ப வந்தது. ரத்தம் ஒழுக ஒழுக நான்தானே தூக்கிக்கிட்டு ஓடினேன்.

—வரேன் அப்பா, இது ஒட்டின தாடி இல்ல, இந்தத் தாடியோடதான் வருவேன். மூணு தடவை தொப்பியைப் பாத்து "நல்லா இரு மகனே"ன்னீங்க, அம்மாவுக்குக் காதுல விழுற மாதிரி, என் முகத்தைப் பாத்து, இன்னொரு தடவை சொல்வீங்களா?