நான் எழுதிய பொய்யும் ஒஸ்வால்டின் முதுகும்

தலைமை தாங்கி வீற்றிருக்கும் வைத்தியர் இஸ்ஸதீன் அவர்களே, மண்டபம் தந்துதவிய பங்குத்தந்தை அவர்களே, கப்பலோடும் கொள்கலனோடும் மல்லுக்கட்டிய துறைமுகத்துப் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாக வந்தமர்ந்திருக்கும் கொட்டாஞ்சேனைத் தாய்மார்களே, அனைவருக்கும் யூஜினாவின் பணிவான வணக்கம்.

வாரத்தில் ஐந்து நாள், மாலை ஏழரை மணிக்கு, தொலைக்காட்சியில் நீங்கள் கண்கலங்கிப் பார்த்த அந்த மருத்துவமனை நாடகத்தை எழுதியவள் நான்தான். கைதட்ட வேண்டாம், தாய்மார்களே. கதையைக் கேட்டபின் தட்டலாமா என்று முடிவு செய்யுங்கள்.

என் நாயகன் யார்? முதுகுடைந்த ஒரு வைத்தியர். வலிக்குக் குளிசை விழுங்கி விழுங்கி, குளிசைக்கே அடிமையானவர். ஒருநாள் மனைவி அழுகிறாள். அத்தனை குளிசையையும் சமையலறைச் சிங்கில் கொட்டுகிறார். ஒரு காட்சியில் வியர்வை, ஒரு காட்சியில் நடுக்கம். மறுநாள் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை அணிந்து, வேலைக்கு வருகிறார். வலி எங்கே போனது? விளம்பர இடைவேளையில் போனது. எழுதிய நான் கேட்கவில்லை. பார்த்த நீங்கள் கேட்கவில்லை. ஒரு மனிதனின் உடம்புதான் கேட்டது.

ஒஸ்வால்ட் எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் மாடிக்காரர். முன்வரிசையில் இருக்கிறார், அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். துறைமுகத்தில் ஏணியிலிருந்து விழுந்து முதுகை முறித்துக்கொண்டவர். நான்கு ஆண்டு ஓயாத வலி. ஒரு குளிசை இரண்டானது, இரண்டு ஆறானது. கிளினிக்கில் தந்தது போதாமல் மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்கினார்.

அந்தக் காட்சி ஒளிபரப்பான மாலை, மனைவி பிறிஜெற் அவரைப் பார்த்து, “அந்த டொக்டர் ஒரு நாளில விட்டவர்தானே. உங்களால ஏலாதா?” என்று கேட்டார்.

“கொட்டு. நானும் மனுசன்தான்” என்றார் ஒஸ்வால்ட்.

கொட்டிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் மதியம் என் கதவு தட்டப்பட்டது. வாசலில் பிறிஜெற். “அக்கா, இது எத்தினை மணித்தியாலத்தில முடியும்? நீங்கதானே எழுதினீங்க, சொல்லுங்கோ.”

ஓடினேன். குளியலறைத் தரையில் முழங்காலை நெஞ்சோடு மடக்கிக் கிடந்தார் ஒஸ்வால்ட். இரண்டு நாளாகத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. உதடு வெடித்திருந்தது.

“அந்த டொக்டரால ஏலும் அக்கா. நான்தான் வெக்கங்கெட்டவன்.”

“அப்பிடி ஒரு டொக்டர் இல்லை, ஒஸ்வால்ட். நான் ஒரு பின்னேரம் இருந்து எழுதினனான்.”

அவர் காதில் அது விழவில்லை. கண் மேலே செருகியது. கதிரையில் உட்காரவைத்து மூன்று மாடி தூக்கி இறக்கினோம். ஓட்டோவில் ஏற்றினோம். ஆமர் வீதிச் சந்தியில் வாகனங்கள் அசையவில்லை. பிறிஜெற் அவர் மூக்கருகே விரல் வைத்து மூச்சைப் பார்த்தபடியே வந்தார். அவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மருத்துவமனையில் நம் தலைவர் வைத்தியர் இஸ்ஸதீன்தான் பார்த்தார். “இத ஒரேயடியா நிப்பாட்டச் சொன்ன ஆரு?”

பிறிஜெற் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

“நான்தான் சேர்” என்றேன். “நாடகம் எழுதுறனான்.”

வைத்தியர் ஒஸ்வால்டின் நாடியைப் பிடித்தபடியே சொன்னார். “கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைக்கோணும். வலிக்கு வேற வைத்தியமும் செய்யோணும். அத நீங்க எழுதல்லயே.”

பதினொரு மாதம் எடுத்துக் குளிசையைக் குறைத்தார்கள். இடையில் இருமுறை சறுக்கினார், இருமுறையும் திரும்பிக் கிளினிக்குக்குப் போனார். எந்த நாடகத்தில் பார்த்தீர்கள் இந்த வீரத்தை?

அதை ஆறு பாகமாக எழுதி, தொலைக்காட்சியின் கொள்ளுப்பிட்டி அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். தயாரிப்பாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, “மாசக்கணக்கா வலியக் காட்டினா சனம் சனலை மாத்தும் மிஸ்” என்றார். அன்றோடு அந்த வேலையை விட்டேன்.

இப்போது சிரிக்கிறீர்களே, பின்வரிசைத் தம்பிமாரே, உங்கள் வீட்டில் வலிக்கிறது என்று முனகுபவரை நடிக்கிறார் என்று சொன்னதில்லையா? குளிசை கேட்டவரைக் கோழை என்றதில்லையா? வலி நடிப்பல்ல. அடிமைப்படுதல் அவமானமல்ல. மருந்தை மறைக்காதீர்கள், கொட்டாதீர்கள், மனிதரைக் கைவிடாதீர்கள். கையைப் பிடித்து வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஒருமுறையல்ல, ஓராண்டானாலும் அழைத்துச் செல்லுங்கள்.

ஒஸ்வால்ட், பிறிஜெற், இத்தனை பேர் முன்னிலையில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

பொறுமையோடு கேட்ட சபைக்கு நன்றி. வலியோடு கதிரையில் நெளிந்தபடி இவ்வளவு நேரம் இருந்தவர்களே, எழும்ப வேண்டாம். இருந்தபடியே என் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.